நூற்றியேழாம் எண்ணில் இருந்தவர்கள்

எங்கள் மகள் படிப்பிக்கும் பாடசாலைக்கு இந்த வருடம் புதிய கணினிகள் வந்திருக்கின்றன. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கிற வேலையை அவள்தான் செய்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், "அப்பா, ஸ்கூலை விட்டுப் போன புள்ளைங்க பேரையெல்லாம் அழிச்சிட்டேன். லிஸ்ட் இப்ப சுத்தமா இருக்கு" என்றாள். நான் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்துவிட்டேன்.

"என்னப்பா, ஒரைக்குதா?" என்று தண்ணீரை நகர்த்தினாள்.

உறைப்பு இல்லை என்று சொல்லி, அன்று அவளிடம் ஒரு விஷயத்தைச் சொன்னேன். அதை உங்களுக்கும் எழுதித் தரச் சொன்னாள். பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் டீச்சர் திருத்துவார். விஷயத்தில் இருக்கிற பிழை என்னுடையது. அதைத் திருத்த முடியவில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுத உதவியாளாகச் சேர்ந்தேன். செக்ரோல் என்பது தொழிலாளர் பெயர்ப் புத்தகம். ஒவ்வொரு ஆளுக்கும் அதில் ஒரு நம்பர் உண்டு. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும்போது அந்த நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். யாராவது வேலையை விட்டாலோ, இந்தியாவுக்குக் கப்பலேறினாலோ, செத்துப் போனாலோ அந்த நம்பர் காலியாகும். அடுத்து யார் பேர் பதிய வருகிறார்களோ அவர்களுக்கு அதே நம்பரைக் கொடுப்போம். பெரிய கிளாக்கர் ஐயாவுக்குக் காலி நம்பர் கண்ணிலேயே காட்டக்கூடாது. "பொஸ்தகத்துல பல்லு விழுந்த மாதிரி இருக்குடா ஆரோக்கியம். சீக்கிரம் அடை" என்பார்.

சாப்பாட்டுக்கு இல்லாத வருடங்கள் வந்தன. பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். மரவள்ளிக்கிழங்கும் கிடைக்காமல் லயத்து வரிசை வீடுகளில் ஆட்கள் சுருண்டு படுத்த காலம். அப்போது காலி நம்பர்களுக்குக் குறைவே இல்லை. இருநூற்றிப் பதினாலு கறுப்பையா என்று, தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக்காரர். அவரைப் புதைத்த அடுத்த வாரம் மருமகளுக்கு அந்த நம்பரைக் கொடுத்தேன். பெரட்டில் "இருநூத்திப் பதினாலு" என்று கூப்பிட்டதும், பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்ற கறுப்பையாவின் மனைவி, "இருக்காருங்க" என்று சத்தம் கொடுத்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. மருமகள் கையைத் தூக்கினார். நான் புத்தகத்தில் கோடு போட்டேன். அது எனக்கு ஒரு வழக்கம். பிழை என்று தோன்றவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படியே போயிற்று. எண்பதுகளின் நடுவில் எங்கள் தோட்டங்களைக் கவனித்த வட்டார ஆபீஸ் ஹட்டனில் ஒரு கணினியை இறக்கியது. செக்ரோல் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். கொழும்பில் ஆறு வாரம் படிப்பித்தார்கள். மூன்று வாரம் எனக்கு எதுவும் விளங்கவில்லை. மிச்சம் மூன்று வாரத்தில், விளங்காததை எப்படிக் கேட்பது என்று படித்துக்கொண்டேன். அதற்குள் முப்பத்தைந்து வயதாகிவிட்டது, இரண்டு பிள்ளைகள் வேறு.

அந்த ஆபீசில் கணினிக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவஞானம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஏழு வயது குறைவு. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வீடு எரிக்கப்பட்ட பிறகு ஒரு பெட்டியோடு மலைக்கு வந்தவர். குளிருக்குக் கழுத்தில் துவாய் ஒன்றைச் சுற்றியிருப்பார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மற்றவர்களுடைய விசைப்பலகையைத் தொடவே மாட்டார். பின்னால் வந்து, கைகளை முதுகில் கட்டிக்கொண்டு நிற்பார். எங்கே பிழை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது நமக்கும் தெரியும். ஆனாலும் சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்கும் வரைக்கும் அந்தத் துவாய் வாசம் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும்.

இப்போது கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அந்தக் கணினியை ஒரே நேரத்தில் பலர் பாவிக்கலாம். யார் யார் பாவிக்கலாம் என்று உள்ளே ஒரு கோப்பு இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு வரி. வரிக்கு ஏழு கூறு, நடுவில் முக்காற்புள்ளி. முதலில் அவர் நுழையும் பெயர், பிறகு உருமாற்றி எழுதிய கடவுச்சொல், பிறகு அவருடைய எண், அவர் சேர்ந்த குழுவின் எண், முழுப்பெயர், அவருடைய கோப்புகள் இருக்கும் இடம், கடைசியில் அவர் நுழைந்ததும் ஓடவேண்டிய கட்டளை. எங்கள் ஆபீசில் எண்கள் நூற்றியொன்றிலிருந்து தொடங்கின. நூற்றியொன்று சேர். நூற்றியிரண்டு மெனேஜர். நான் நூற்றிமூன்று.

முதல்தடவை அந்தக் கோப்பைத் திரையில் பார்த்தபோது, "சேர், இது நம்ம செக்ரோல் தானுங்களே" என்றேன்.

"அப்பிடியும் சொல்லலாம்" என்றார் அவர். மறுத்திருக்கலாம்.

அந்தக் கோப்பில் ஆள் தேடுவதற்குச் சி என்ற கணினி மொழியில் ஆயத்தமாகச் சில பங்சன்கள், அதாவது கேட்டதைத் தேடித் தரும் சின்னக் கட்டளைகள், இருந்தன. ஒன்றிடம் பெயரைக் கொடுத்தால் அந்த ஆளின் வரியைத் தரும். இன்னொன்றிடம் எண்ணைக் கொடுத்தால் வரியைத் தரும். மூன்றாவது, ஒவ்வொரு வரியாக எடுத்துத் தந்துகொண்டே போகும். நான் முதலில் எழுதியது ஆபீசுக்குள் கடிதம் அனுப்பும் ஒரு சின்னப் புரோகிராம். அனுப்புகிறவர் பெயரைத் தேடினேன். பிறகு பெறுகிறவர் பெயரைத் தேடினேன். இரண்டையும் மேலே அச்சடித்தேன். மரியதாஸ் என்ற கிளாக் மெனேஜருக்கு எழுதிய லீவுக் கடிதம்தான் அதில் முதலில் போனது.

சேர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "ஆரோக்கியம், மெனேஜர் தனக்குத்தானே லீவு கேட்டு எழுதியிருக்கிறார். குடுப்பார் எண்டு நினைக்கிறீரோ?"

பார்த்தால் அனுப்புநரும் மெனேஜர், பெறுநரும் மெனேஜர். மரியதாஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு லீவு இல்லாட்டியும் பரவால்ல, அவருக்காச்சும் கெடைக்கட்டும்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான்.

அரை நாள் தலையைப் பிய்த்த பிறகுதான் சேர் வாயைத் திறந்தார். "அந்தப் பங்சன் உமக்குப் புதுத் தாள் தாறதில்லை. தன்ரை சிலேட்டைத்தான் காட்டுது. அடுத்த ஆளைக் கேட்டால் அதே சிலேட்டை அழிச்சு எழுதிப்போடும். கேக்க முதல் நீர் பாத்து எழுதி வச்சிருக்க வேணும்."

இன்னொரு பாடம் அதைவிட முக்கியம். இல்லாத எண் ஒன்றைக் கொடுத்து என் புரோகிராமை ஓட்டச் சொன்னார். கொடுத்தேன். அது பாதியில் நின்று விழுந்துவிட்டது.

"ஒரு ஆளைக் கேட்டால் ரெண்டு விதமாப் பதில் வரும், காணும். ஆள் இருக்கு. இல்லாட்டி ஆள் இல்லை. ரெண்டாவது பதிலை நீர் கேக்கவே இல்லை." அதற்குப் பிறகு நான் எதை எழுதிக் காட்டினாலும் பின்னால் நின்றுகொண்டு இதைத்தான் கேட்பார். "ஆள் இல்லை எண்டு வந்தால்?" நானும் ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கேள்வியை எழுதப் பழகிக்கொண்டேன். ஆள் இல்லையென்றால் "தெரியாது" என்று அச்சடிக்க வேண்டும், வேறொன்றும் செய்யக்கூடாது.

அந்த ஆபீசில் பெரிய வேலை ஒன்று நடந்தது. இந்தியாவிலிருந்து வந்த பரம்பரை என்று, நம்முடைய தோட்டத்துச் சனங்கள் பலருக்குப் பிரஜாவுரிமை இல்லாத காலம் அது. விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு, இன்ன தோட்டத்தில் இன்ன வருடம் பிறந்தவர் என்று ஆபீஸ் சீலோடு ஒரு கடிதம் தேவை. அதற்காகத் தோட்டங்களின் பழைய குடும்பப் பதிவேடுகளை எல்லாம் ஹட்டனுக்கு எடுத்து வந்து, கிளாக்மார் மூன்று பேர் கணினியில் பதிந்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு கோப்பு. பிறந்த நாடு என்ற கட்டத்தில் இலங்கைக்கு ஒன்று, இந்தியாவுக்கு இரண்டு.

மரியதாஸ் அந்த மூவரில் ஒருவர். அவருடைய எண் நூற்றியேழு. சித்திரை முடியும்போது டுபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போன அன்றே அவருடைய வரியை அழித்தேன். வைகாசியில் அவருடைய இடத்துக்குப் பத்மாவதி என்று ஒரு பெண் வந்தார். ராகலைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்துப் பிள்ளை. அந்தத் தோட்டத்திலிருந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். அவருக்கு வரி எழுதும்போது பட்டியலில் நூற்றியாறுக்கும் நூற்றியெட்டுக்கும் நடுவில் இடம் வெறுமையாக இருந்தது. பல்லு விழுந்த மாதிரி. நூற்றியேழை எழுதினேன். கை யோசிக்கவே இல்லை.

பத்மாவதி சத்தமில்லாமல் வேலை செய்வார். மத்தியானத்தில் ரொட்டியை டெர்மினலுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டதற்காக ஒருநாள் நான் ஏசினேன். "மெஷினுக்கும் பசிக்குமேன்னு பாத்தேங்க ஐயா" என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஆடி மாதம் மெனேஜர் ஒரு பட்டியல் கேட்டார். எந்தக் கோப்பை யார் பதிந்தது, கடைசியாக எப்போது தொட்டது என்று தெரிய வேண்டுமாம். ஒரு வாரத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு கோப்பும் யாருடையது என்பதைக் கணினி ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கும். அந்த எண்ணைப் பங்சனிடம் கொடுத்தால் முழுப்பெயர் வரும். ஆள் இல்லை என்று வந்தால் "தெரியாது" என்று அச்சடிக்கும் வரியையும் மறக்காமல் எழுதியிருந்தேன். ஓட்டியபோது ஒரு இடத்தில்கூட "தெரியாது" வரவில்லை. எல்லாக் கோப்புக்கும் பெயர் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. மெனேஜர் அதைச் சுவரில் குத்தி வைத்தார்.

புரட்டாசியில் சேர் உதிரிப்பாகம் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்த வாரத்தில், ராகலைத் தோட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் பஸ் பிடித்து வந்தார்கள். அவர்களை அழைத்து வந்தவர் மாரிமுத்து, அங்கே தொழிற்சங்கத் தலைவர். கையில் நாங்கள் அனுப்பிய கடிதங்கள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை எல்லாம் இந்தியாவில் பிறந்ததாகக் கடிதம் சொன்னது. கீழ்ப்பிரிவில் முப்பது குடும்பத்துக்கு இதே கதி. சிலர் அந்தக் கடிதத்தோடேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

மெனேஜர் சிங்களவர். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். சுவரிலிருந்த பட்டியலைப் பார்த்தார். கீழ்ப்பிரிவுக் கோப்புக்கு எதிரே செ. பத்மாவதி என்று இருந்தது. கடைசியாகத் தொட்ட திகதியும் அவர் வந்த பிறகுதான். அவரைக் கூப்பிட்டார். சனங்களும் உள்ளே வந்துவிட்டார்கள். மொழிபெயர்க்க என்னை நடுவில் நிறுத்தினார்.

மாரிமுத்துவுக்குப் பத்மாவதியைப் பார்த்ததும் கோபம் இரண்டு மடங்காகியது. "நம்ம புள்ள ஆபீசுல இருக்குன்னு ஊரெல்லாம் சொன்னோமே! படிக்க வச்சு அனுப்புனதுக்கு எங்களையே கப்பலேத்துறியா? டிக்கட்டையும் நீயே வெட்டிக் குடுத்துடு, தாயி!"

"நான் பண்ணலைங்க மாமா" என்றார் பத்மாவதி. பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா, அந்தக் கோப்புல கடைசியில மூணு புள்ளைங்க பேருதான் நான் சேத்தேன். தோட்டத்துலருந்து துண்டுச்சீட்டு வந்திச்சு, சேத்தேன். மத்ததெல்லாம் நான் வரும்போதே இருந்திச்சுங்க. சொல்லுங்க ஐயா."

நான் அதை மெனேஜருக்குச் சிங்களத்தில் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "ஆனால் மாத்தயா, மெஷின் இவருடைய பெயரைத்தான் காட்டுகிறது. மெஷினுக்குப் பொய் தெரியாது" என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை. என் புரோகிராமை யாரும் சந்தேகப்படக்கூடாது என்ற எண்ணம். அதைத் தவிர வேறு காரணம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

பத்மாவதிக்கும் சிங்களம் தெரியும். நான் சேர்த்ததைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

தற்காலிக வேலை என்பதால் விசாரணை ஒன்றும் தேவைப்படவில்லை. அன்று பின்னேரமே அனுப்பிவிட்டார்கள். வந்த சனங்கள் போன அதே பஸ்ஸில்தான் அவரும் ஊருக்குப் போகவேண்டியிருந்தது. நான் உள்ளே போய் அவருடைய வரியை அழித்தேன்.

நான்கு நாள் கழித்துச் சேர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். பட்டியலைக் கையில் வாங்கி நின்றபடியே வாசித்தார்.

"இந்தப் பிள்ளையின்ரை நம்பர் என்ன?"

"நூத்தியேழு சேர்."

"புது நம்பரோ?"

"இல்ல சேர். மரியதாஸோடது. காலியா இருந்திச்சு."

சேர் கழுத்துத் துவாயைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அலுமாரியைத் திறந்து சித்திரை மாதத்துக் காப்பு நாடாவைத் தேடி எடுத்தார். வாரக்கடைசியில் எல்லாக் கோப்புகளையும் பிரதி எடுத்து வைக்கும் நாடா அது. "ஏத்தும்" என்றார். ஏற்றினேன். கீழ்ப்பிரிவுக் கோப்பு அதில் இருந்தது. பத்மாவதி அந்த ஆபீஸ் படியை மிதிக்கும் முன்னாலேயே பதியப்பட்ட கோப்பு. பிறந்த நாடு என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் இரண்டு, இரண்டு, இரண்டு.

பழைய பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தோம். குடும்பத் தலைவருக்கு நேரே இந்தியா என்று எழுதியிருந்தது. மனைவிக்கு மேற்படி. பிள்ளைகளுக்கு நேரே ஒன்றுமில்லை. இங்கேயே பிறந்த பிள்ளைக்கு எதற்கு நாடு எழுதுவது என்று அந்தக் காலத்துக் கிளாக்கர் வெறுமையாக விட்டிருக்கிறார். மரியதாஸ் அந்த வெறுமையையும் மேற்படி என்று எடுத்துக்கொண்டு இரண்டு போட்டிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வெற்றிடத்தைப் பார்த்ததும் நிரப்பிவிட்டார். நானும் அதையேதான் செய்திருந்தேன்.

மரியதாஸ் போனபோது நான் அழித்தது பட்டியலில் இருந்த அவருடைய வரியை மட்டும். அவருடைய கோப்புகளில் நூற்றியேழு என்ற எண் அப்படியே இருந்தது. அந்த எண்ணைப் பத்மாவதிக்குக் கொடுத்த நிமிடத்தில் மரியதாஸ் செய்த அத்தனை வேலையும் பத்மாவதியின் பெயருக்கு மாறிவிட்டது. எண்ணைக் காலியாக விட்டிருந்தால் பங்சன் "ஆள் இல்லை" என்று சொல்லியிருக்கும். "தெரியாது" என்று அச்சாகியிருக்கும். தெரியாது என்று வந்திருந்தால் யாராவது போய்ப் பதிவேட்டைப் பார்த்திருப்போம். அந்தப் பதிலைச் சொல்ல முடியாதபடி அதன் வாயை அடைத்தவன் நான்.

"ஏன் காணும் குடுத்தனீர்?" என்று சேர் மெதுவாகத்தான் கேட்டார்.

செக்ரோல் பழக்கத்தைச் சொன்னேன். சேர் நாடாவைக் கழற்றி அலுமாரியில் வைத்தார். பிறகு, "நான்தான் அப்பவே சொல்லியிருக்க வேணும். இது செக்ரோல் இல்லையெண்டு" என்றார்.

மறுநாள் இருவரும் மெனேஜரிடம் போனோம். நாடாவிலிருந்து எடுத்த தாளையும் பதிவேட்டையும் சேர் முன்னால் வைத்தார். மெனேஜர் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டார். முப்பது குடும்பத்துக்கும் திருத்திய கடிதம் போடச் சொன்னார். பத்மாவதியைப் பற்றிக் கேட்டதும் பேனாவை மூடினார். கணினி ஆளை மாற்றிக் காட்டியது என்று நாம் எழுத்தில் கொடுத்தால், இதுவரை சீல் குத்திக் கொடுத்த எல்லாக் கடிதத்தையும் கொழும்பில் சந்தேகப்படுவார்கள், அப்போது முப்பது குடும்பமல்ல, மூவாயிரம் பேர் நடுத்தெருவில் நிற்பார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். அந்த இடத்துக்கு வேறொருவரை ஏற்கெனவே எடுத்துவிட்டதாகவும் சொன்னார். சேர் இங்கிலீஷில் வெகுநேரம் வாதாடினார். வெளியே வந்தபோது அவருடைய காது சிவந்திருந்தது. அடுத்த வருடம் அவர் நாட்டை விட்டே போய்விட்டார்.

அன்று தொடக்கம் நான் யாருடைய வரியையும் அழித்ததில்லை. போனவருடைய கடவுச்சொல் இருக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிடுவேன். அவரால் உள்ளே வர முடியாது, ஆனால் பெயர் இருக்கும், எண்ணும் அவருடையதாகவே இருக்கும். நூற்றியேழில் மரியதாஸின் வரியைத் திரும்ப எழுதினேன். பத்மாவதிக்குப் புது எண் போட்டு, அவர் உண்மையில் பதிந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி அவருடைய பெயருக்கு மாற்றினேன். பதினொரு கோப்புகள். ஒன்றிலும் பிழை இல்லை. இதையெல்லாம் செய்துகொண்டிருந்தால் அவரைப் போய்ப் பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஒரு மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நுவரெலியாவுக்குப் போய் அங்கிருந்து ராகலை பஸ் ஏறினேன். தோட்டத்துக்கு நடந்து போய்ச் சேரும்போது மத்தியானம். கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் கூடைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பத்மாவதியும் நின்றார். நெற்றியில் கூடைக்கயிறு. இடுப்பில் கட்டியிருந்த படங்குச்சாக்கு நனைந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் தராசுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நிறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கு ஐயாவிடம் இரண்டு நிமிடம் கேட்டேன். "என்னங்க, மீட்டிங்கா? மழை வருது, சீக்கிரம் பேசுங்க" என்றார். மாரிமுத்துவும் அங்கேதான் இருந்தார். நான் பேசப் பழகாதவன். கடிதங்களில் வந்த பிழை பத்மாவதி செய்ததல்ல, அவர் வருவதற்கு முன்பே செய்யப்பட்டது, அவருடைய பெயரில் அதைக் காட்டியது நான் செய்த பிழை, அன்று அவர் சொன்னது எல்லாமே உண்மை என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

மழைத்துளி தகரத்தில் விழுந்தது. வரிசையில் முன்னால் நின்ற ஒரு அம்மா கேட்டார். "அது சரிங்க ஐயா. எங்க கடுதாசி எப்ப வரும்?"

"திருத்தி அனுப்பியாச்சும்மா. இந்தக் கெழமைக்குள்ள வந்துரும்."

"சீல் வச்சு வருமா?"

"வரும்."

"அப்ப நல்லதுங்க" என்று கூடையைத் தராசில் மாட்டினார். வரிசை நகர்ந்தது. மாரிமுத்து மட்டும் பத்மாவதி பக்கம் போய், "தெரியாமப் பேசிட்டேன் தாயி" என்றார். பத்மாவதி தலையாட்டினார். மன்னித்தாரா, கேட்டுக்கொண்டது மட்டும்தானா, எனக்குத் தெரியவில்லை.

நிறுத்து முடித்து வெற்றுக் கூடையோடு என்னிடம் வந்தார்.

"இவ்வளவு தூரம் வந்தீங்களே ஐயா. மறுபடியும் வேலைக்குக் கூப்பிடுறாங்களா?"

"இல்லம்மா. கேட்டுப் பாத்தோம். ஆள் எடுத்துட்டாங்க."

அவர் ஆச்சரியப்படவில்லை. "நுவரெலியாவுல ஒரு கடையில கணக்கெழுத ஆள் கேட்டாங்க. முந்தி வேலை செஞ்ச எடத்துல ஏன் நிப்பாட்டுனாங்கன்னு கடுதாசி கொண்டுவரச் சொல்றாங்க. அது தந்தீங்கன்னா போதுங்க."

அதற்காகத்தான் நானும் ஒன்றை எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல்நாள் இரண்டு தடவை கிழித்துப்போட்டு, மூன்றாவது தடவை பிழையில்லாமல் என் கையெழுத்தில் எழுதியது. செ. பத்மாவதி நேர்மையானவர், திறமையானவர், அவர் பதிந்த பதினொரு கோப்புகளிலும் ஒரு பிழையும் இல்லை, அவர் மேல் வந்த குற்றம் எழுதுகிறவனாகிய என்னுடையது என்று எழுதி, கீழே முழுப்பெயரும் வேலையும் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தேன்.

கையை இடுப்புச் சாக்கில் துடைத்துவிட்டு வாங்கினார். முழுவதையும் வாசித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"சீல் இல்லீங்களே ஐயா."

"எனக்கு சீல் வைக்க அதிகாரம் இல்லம்மா."

கோபப்படுவார், அழுவார், ஏதாவது கேட்பார் என்று நின்றேன். அவர் அந்தத் தாளை நாலாக மடித்தார். மழை கனத்துவிட்டதால் நனையாமல் இருக்க அதை ஒரு காலித் தேயிலை பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் சுற்றினார். கண்டாக்கு ஐயா மலைக்கு ஏறச் சொல்லிக் கத்தினார். "வாரேங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கூடைக்கயிற்றை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மற்றவர்களோடு மேலே போனார்.

நுவரெலியாக் கடையில் அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.